அண்ணி திருத்திய ஒரு சொல்

நீதிமன்றத்தில் என் அண்ணிக்கு ‘ரெட்டை நாக்கு’ என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. குமாஸ்தாக்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்; மத்தியானத்துக்கு மேல் அவர்களுக்குத்தான் பேர் வைக்க நேரம் கிடைக்கும். முதன்முதலில் அது என் காதில் விழுந்தபோது, கையில் இருந்த டீ வடிகட்டியோடு சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கேன்டீன் நடத்துகிறவள் நான். என் அண்ணன் பெண்டாட்டியை அப்படிச் சொல்லிவிட்டு என்னிடமே வந்து டீ கேட்டால் சும்மா விடுவேனா? அண்ணிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடு. ரெட்டை நாக்குதானே, இருக்கட்டும். ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது. ஒத்த நாக்கை வெச்சுக்கிட்டு ஆளுக்கு ஒண்ணு பேசுறவங்க இல்லையா?”

அண்ணி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதைத் தமிழ் தெரியாத நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நீதிபதி ஆங்கிலத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். இரண்டு பேருக்கு நடுவில் நின்று, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கிற வேலை அது.

அதற்கு முன் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டை வழியாகக் காது கொடுத்தே பாதி வாழ்க்கை போனது. அவசரத்தில் வருகிறவன் எந்தப் பாஷையில் எதைக் கத்தினாலும் அவனுக்கு எந்த ஊருக்கு, எத்தனை பேருக்கு, போக மட்டுமா, திரும்பியும் வரணுமா என்று புரிந்துகொண்டுவிடுவார். பிறகு டிக்கெட் கொடுக்க மெஷின் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் பார்சல் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணி, நாற்பதைத் தாண்டிய வயதில், மொழிபெயர்ப்பாளர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டார்.

“உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வயசுல பரீட்சை?” என்று கேட்டேன்.

“இவ்வளவு வருஷமா ஓட்டை வழியா கேட்டுட்டேன். இனிமே நேரா கேக்கணும்” என்றார்.

முதல் தடவை தேறவில்லை. தேர்வில் ஒருவர் சாட்சி மாதிரி நடித்தாராம். “அந்தாளு ஒரு வடிகட்டின முட்டாள், நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்” என்று அவர் தமிழில் சொன்னதை அண்ணி, “அந்தக் கனவான் சற்றுத் தவறாக எண்ணிவிட்டார் என்று நான் கவலைப்பட்டேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாராம்: “அம்மா, நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா சாட்சி உங்க அளவுக்கு நல்லவர் இல்லையே. அது எனக்குத் தெரிய வேண்டாமா?”

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து ஆரம்பித்தது பயிற்சி. நான் பால்காரனைத் திட்டினால் பின்னாலேயே நின்று அதை ஆங்கிலத்தில் திட்டுவார். என் அண்ணன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவர். போனில் கப்பல் சமையல்காரனை அவர் ஏசுவதை ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல் அண்ணி மொழிபெயர்ப்பார். அந்தப் பக்கம் அண்ணன், “ஏய், இதெல்லாம் இங்கிலீஷ்ல சொன்னா இன்னும் கேவலமா இருக்குடி” என்று பதறுவார். அடுத்த தடவை அண்ணி தேறிவிட்டார்.

வார்த்தைகளோடு அண்ணி பழகுகிற விதமே தனி. அர்த்தம் தெரிந்தால் எனக்குப் போதும். அவருக்குப் போதாது. “இந்த வார்த்தை எங்க உட்காரும்? யாரு பக்கத்துல உட்காரும்? யாரு பக்கத்துல உட்காரவே உட்காராது?” என்று கல்யாணப் பந்திக்கு ஆள் பிரிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை கேன்டீனைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரியிடம், நான் எவ்வளவு கஷ்டப்பட்டு உழைக்கிறேன் என்று காட்ட, “சார், ஐ ஒர்க் ஹார்ட்லி” என்றேன். அவர் ஏனோ குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சாயந்திரம் அண்ணியிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஹார்ட்னு சொல்லி நிறுத்தியிருக்கணும். அதோட வாலைச் சேர்த்து ஹார்ட்லின்னு சொன்னா, நான் வேலையே செய்யறதில்லைன்னு அர்த்தம். சொந்தக்காரங்கதான் ரெண்டும். ஆனா ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தர் போகமாட்டாங்க.”

நீதிமன்றத்தில் இன்னொரு விதி உண்டு. அங்கே நின்று பேசும்போது ‘நான்’ என்ற சொல் அண்ணிக்குச் சொந்தமில்லை. சாட்சி “நான் அடித்தேன்” என்றால் அண்ணியும் ஆங்கிலத்தில் “நான் அடித்தேன்” என்றுதான் சொல்ல வேண்டும். “அவர் அடித்தாராம்” என்று சொல்லக் கூடாது. தனக்காக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், “மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புவது” என்று மூன்றாம் ஆளைப் போலத் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் எங்கள் வீட்டு மாடிப்படியில் என்னைப் பார்த்ததும், “இன்னைக்குக் காலையில ஒரு சைக்கிள் திருடினேன், மத்தியானம் விவாகரத்து வாங்கினேன், ஒரே அசதி” என்றார். பக்கத்து வீட்டு அம்மாள் கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அந்தச் சமயத்தில் அண்ணியின் மகள் கல்லூரி விடுதிக்குப் போயிருந்தாள். அண்ணன் நெடும்பயணம் போகிற கப்பலில் ஏறியிருந்தார். நான் கீழ் வீடு, அண்ணி மேல் வீடு. காலையில் சேர்ந்தே பஸ் ஏறுவோம், சேர்ந்தே திரும்புவோம். “சாப்டாச்சா அண்ணி?” என்று கேட்பேன். “ஆச்சு” என்பார். அவ்வளவுதான்.

ஒரு காலை, தையல்காரம்மா ஒருவருடைய வழக்கு வந்தது. அறுபதைத் தாண்டியவர். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். அளவெடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வாசலுக்கு வந்துவிட்டார். காவலர் சொன்ன பிறகுதான் அது அங்கே கிடப்பதே அவருக்குத் தெரிந்தது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நாலாவது மாடியில் ஒரு வீடு, ஒரு தையல் மெஷின். கொஞ்ச நாள் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்குகிறவரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறார். அதைக் கேட்டு ஆடிப்போன அவர் தம்பி, இனி அக்காவுக்குத் தன்னைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும், அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கத் தனக்கு அதிகாரம் வேண்டும் என்று மனு போட்டிருந்தார்.

தம்பியை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். கேன்டீனில் என் கண்ணெதிரே நடந்தது: இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் எழுந்து வந்து வாங்கித் திறந்து கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிப் போனார். அக்காவும் வாங்கிக் குடித்தார். கோபம் ஒரு பக்கம், தாகம் ஒரு பக்கம்.

கூட்டம் குறைந்த நேரமாக இருந்ததால் நானும் கடையை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணி வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாட்சியின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்பார். முகத்தில் எதுவும் இருக்காது. வீட்டில் அத்தனை சிரிக்கிற முகம் அது.

நீதிபதி ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் சாட்சியிடம் பேசுவார்.

“வீட்டில் உங்கள் நாள் எப்படிப் போகிறது?” என்று கேட்டார். அண்ணி தமிழில் கேட்டார்.

“எப்படிப் போகும்? எந்திரிப்பேன், மெஷினைத் தொடைப்பேன், சட்டை வெட்டுவேன். நான் தனியாதான் இருக்கேன். வீட்டுக்காரர் போனதிலேருந்து அப்படித்தான்.”

அண்ணி ஆங்கிலத்தில் சொன்னார். அதில் ஒரு வாக்கியம், “ஐ ஆம் லோன்லி.”

நீதிபதியின் பேனா நகர்ந்தது. தம்பியின் வக்கீல் தலையை நிமிர்த்தினார். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. வக்கீல் எழுந்து, மாடி ஏறுவது பற்றி ஒரு கேள்வி, மருந்து பற்றி ஒரு கேள்வி கேட்டார். பிறகு மெல்ல, அத்தனை பெரிய வீட்டில் ஒருவராக இருந்து என்ன செய்கிறீர்கள் என்றார்.

தையல்காரம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. உட்கார்ந்தபடியே காலால் மெஷினை மிதிப்பது போலக் காட்டினார். “தனியா இருந்தாத்தான் மெஷின் பேசுறது கேக்கும். நூல் அறுந்துபோறதுக்கு முன்னாடியே சத்தம் மாறும். நாலு பேர் பேசிக்கிட்டிருந்தா அது கேக்குமா?”

அண்ணி வாயைத் திறந்தார். “வென் ஐ ஆம் அலோன்” என்று ஆரம்பித்தார். நின்றுவிட்டார்.

இருமல் வந்துவிட்டது போல என்று நான் நினைத்தேன். இல்லை. முதுகு நேரானது. பின்னால் கட்டியிருந்த கைகள் பிரிந்து பக்கவாட்டில் தொங்கின. வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, நீதிபதியைப் பார்த்து, ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்:

“மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல அனுமதி கேட்கிறார். சற்று முன் சாட்சி தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ‘லோன்லி’ என்று சொன்னார். அது தவறு. சாட்சி சொன்னது ‘அலோன்’.”

அந்தக் கட்டடத்தில் எத்தனையோ வருஷமாக டீ ஊற்றுகிறேன். தான் செய்த தப்பை யாரும் கேட்காமலே தானாகச் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அதுவும் என் அண்ணி.

வக்கீல் எழுந்தார். அவர் வேலை அது, அவரைக் குறை சொல்ல முடியாது. “லோன்லி என்கிற சொல்லே அலோன் என்கிற சொல்லிலிருந்து கிளைத்ததுதான். இரண்டும் ஒரே வேர். சாட்சி சொன்ன பதில் பதிவாகிவிட்டது. இப்போது அதை மாற்றுவது திருத்தம் இல்லை, சாட்சியத்தையே மாற்றுவது” என்றார்.

நீதிபதி அண்ணியைப் பார்த்தார். “எனக்கு வித்தியாசம் தெரியும். ஆனாலும் பதிவுக்காக மொழிபெயர்ப்பாளரே சொல்லட்டும்.”

அண்ணி சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். வீட்டில் பிறகு பலமுறை கேட்டு வாங்கியதால் மறக்கவில்லை.

“அலோன் என்பது அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். ஒருவர்தான் இருக்கிறார், அவ்வளவே. லோன்லி என்பது அந்த ஒருவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். கூட்டத்தின் நடுவிலும் ஒருவர் லோன்லியாக இருக்கலாம். ஆளே இல்லாத வீட்டில் ஒருவர் அலோனாக, நிம்மதியாக இருக்கலாம். இரண்டும் உட்காரும் இடமும் வேறு. லோன்லி என்பதை ஒரு பெயருக்கு முன்னால் வைக்கலாம். ‘லோன்லி வுமன்’ என்று சொல்லலாம். அப்போது அது அந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அவருக்கு அடைமொழி ஆகிவிடும். ‘அலோன் வுமன்’ என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. அலோன் வினைக்குப் பின்னால்தான் வரும்: இருக்கிறார், வாழ்கிறார், வேலை செய்கிறார், எப்படி? அலோன். சாட்சி சொன்ன ‘தனியா’ என்ற சொல்லும் ‘இருக்கேன்’ என்ற வினையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்தான் அதை அவர்மேல் ஒட்டினார்.”

வக்கீல் உட்காரவில்லை. ஒரு இடத்தில் தவறியவர் மற்ற இடங்களிலும் தவறியிருக்கலாம், வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சாட்சியத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். ஆட்சேபம் மொழிபெயர்ப்பாளர் குழுவுக்குப் போகும், ஒலிப்பதிவையும் அவர்கள் கேட்பார்கள் என்று நீதிபதி குறித்துக்கொண்டார். “ஆனால் இந்த ஒரு கேள்வியை இப்போதே கேட்டுவிடுகிறேன்” என்று சாட்சியின் பக்கம் திரும்பினார்.

“ஆர் யூ அலோன், ஆர் ஆர் யூ லோன்லி?”

கேட்டுவிட்டு அண்ணிக்காகக் காத்திருந்தார்.

அங்கேதான் பள்ளமே இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு சொல். நாம் வீட்டில் பேசுகிற தமிழில் இரண்டுக்கும் ‘தனியா’தான். “நீங்க தனியா இருக்கீங்களா, இல்ல தனியா இருக்கீங்களா” என்றா கேட்க முடியும்? நீட்டி முழக்கி விளக்கவும் கூடாது. அது சாட்சிக்குப் பதிலை ஊட்டிவிடுவதாகிவிடும். தனிமை, கினிமை என்று புத்தகத்துச் சொல்லைப் போட்டால் தையல்காரம்மா மிரண்டுபோவார். அண்ணி கண்ணை ஒரு கணம் மூடினார். பின் பெஞ்சில் நான் என் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

“நீங்க தனியா இருக்கீங்களா, இல்ல உங்களுக்கு வெறிச்சுனு இருக்கா?”

அவ்வளவுதான். ‘நீங்க’ ஒரு பக்கம், ‘உங்களுக்கு’ ஒரு பக்கம். எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்கு ஒரு மாதிரி இருக்கு என்று மனசிலும் உடம்பிலும் நடப்பதையெல்லாம் நாம் ‘எனக்கு’ என்று சொல்லித்தானே ஆரம்பிக்கிறோம்? ஆங்கிலம் இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு பிரிக்கிற இடத்தை, தமிழ் ஒரு ‘க்கு’வை வைத்தே பாதி பிரித்துவிடுகிறது. மீதிக்கு ‘வெறிச்சு’ இருக்கவே இருக்கிறது. ரயில் நிலையத்து ஓட்டை வழியாக எத்தனையோ பேருடைய பேச்சைக் கேட்டு நிரப்பிவைத்த காது அது. தேவைப்பட்ட இடத்தில் கொடுத்துவிட்டது.

அதுவரை படபடவென்று பேசிக்கொண்டிருந்த தையல்காரம்மா, இல்லாத டேப்பைக் கழுத்தில் தேடினார்.

“தனியாதான் இருக்கேன். வெறிச்சுனு… பொய் சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மட்டும் கொஞ்சம் இருக்கும். அன்னைக்குத் துணி குடுக்க யாரும் வரமாட்டாங்க. தெருவுல எல்லாரும் குடும்பத்தோட போவாங்க. திங்கட்கிழமை சரியாயிடும்.”

இந்தப் பதில் அவருக்கே எதிராகப் போகக்கூடும். அண்ணி அதைக் கொஞ்சம் மழுப்பியிருக்கலாம். அந்தக் கொஞ்சத்தைக் கேட்காதது போல விட்டிருக்கலாம். இத்தனை நடந்த பிறகு அந்த அம்மாள்மேல் அவருக்கு இரக்கம் இருந்திருக்காதா? ஒரு இழைகூட விடாமல் சொன்னார். ஐ ஆம் அலோன். ஞாயிறு மாலைகளில், கொஞ்சம், லோன்லி. திங்கட்கிழமை சரியாகிவிடும்.

நீதிபதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “ஞாயிறு மாலை யாருக்குத்தான் அப்படி இல்லை” என்றார். அது கேள்வியா, தானாகச் சொன்னதா என்று தெரியாததால் அண்ணி அதையும் மொழிபெயர்த்துவிட்டார். தையல்காரம்மா நீதிபதியைப் பார்த்துத் தலையாட்டினார், அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி.

பிறகு வந்த தீர்ப்பில் பொறுப்பாளர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட வேண்டும், வீட்டின் இன்னொரு சாவி தம்பியிடம் இருக்க வேண்டும் என்று அதோடு சேர்த்திருந்தார்கள். சாவி விஷயத்தில் தையல்காரம்மாவுக்கு வருத்தம்தான். “கதவைத் தட்டாம உள்ள வரக் கூடாது, சொல்லிட்டேன்” என்று தம்பியிடம் கறாராகப் பேசினாராம். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது சாட்சியம் முடிந்த அன்றைக்கு வராந்தாவில் நடந்ததுதான். தம்பி அக்காவுக்கு முன்னால் போய் நின்றார்.

“ஞாயித்துக்கிழமை சாயந்திரம்னு என்கிட்ட நீ சொல்லவே இல்லையேக்கா.”

“நீ கேட்டியா? எப்பப் பாரு குளியலறையைப் பத்தித்தான் கேட்டே.”

இரண்டு பேரும் சேர்ந்து படியிறங்கிப் போனார்கள். ஒரு கை கைப்பிடிச் சுவரில், ஒரு கை தம்பி தோளில்.

அண்ணி கேன்டீனுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தார். டீயைக் கொண்டு வைத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அந்த வார்த்தை எப்படி அண்ணி வந்துச்சு? உங்களுக்குத் தெரியாத வார்த்தையா?”

“அவங்க வாயிலேருந்து வரலை. என்கிட்டேருந்து வந்துச்சு.” டீயை ஊதினார். “அவங்க தனியா இருக்கேன்னு சொன்னதும் எனக்கு எங்க வீட்டு ஹால்தான் கண்ணுல வந்துச்சு. பொண்ணு ரூம்ல லைட் போடாம கிடக்குது பாரு, அது. என்னோடதை எடுத்து அவங்க தலையில வெச்சுட்டேன். அந்த இடத்துல ‘நான்’னு சொன்னா அது நான் இல்லை. அது தெரிஞ்சும் நடுவுல புகுந்துட்டேன்.”

அன்று சாயந்திரமே தலையணையைத் தூக்கிக்கொண்டு மேல் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, என்னையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன் குறட்டையைக் கேக்குறதுக்கு நான் லோன்லியாவே இருந்துடுவேன்” என்றார். ஆனால் கதவை அகலமாகத் திறந்துவிட்டார். அன்றைக்கு அந்த ஹாலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரியாத அண்ணி நிறைய இருந்தார்.

குழுவின் விசாரணை முடிகிற வரைக்கும் அவருக்கு நீதிமன்றத்தில் வேலை கொடுக்கவில்லை. அந்த வாரங்களில் அண்ணி வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். கேன்டீனில் குமாஸ்தாக்கள் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்கள். ‘பேசாம விட்டிருக்கலாம், யாருக்குத் தெரிஞ்சிருக்கப் போகுது’ என்று ஒருவர் எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அதே கேள்வியைக் குழுவிலும் கேட்டிருக்கிறார்கள்.

“நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது இல்லையா?”

“மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருக்கும்” என்றாராம் அண்ணி.

ஒலிப்பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார்கள். வேறு பிழை இல்லை. ஒரு எச்சரிக்கையைப் பதிவு செய்துவிட்டு, பெயர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலேயே இருக்கட்டும் என்று முடித்தார்கள். எச்சரிக்கை எச்சரிக்கைதான், அது நியாயம்தான் என்று அண்ணியே சொல்வார். வெளியே வரும்போது குழுவில் இருந்தவர்கள் எழுந்து கைகுலுக்கினார்கள். கப்பலிலிருந்து அண்ணன், இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்: “தப்பு பண்ணினதுக்குக் கைகுடுத்து அனுப்புறாங்களாமே! நான் பண்ணினா கடல்ல இல்ல தள்ளுவாங்க!” அந்தக் குரலில் பெருமை வழிந்தது. பேசி முடித்த பிறகும் அண்ணி கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் போன பிறகு, அந்த வக்கீல் கேன்டீனுக்கு வந்தார். கட்சிக்காரர் ஒருவரும் கூட வந்திருந்தார். வாயைத் திறந்தால் தமிழ் தவிர வேறொன்றும் வராத மனிதர், பயத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் அவரிடம் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினார்:

“பயப்படாதீங்க. உங்களுக்கு இந்த மொழிபெயர்ப்பாளர்தான் வேணும்னு கேட்டு வாங்கியிருக்கேன். அந்தம்மா தப்பு பண்ணினா அவங்களே சொல்லிடுவாங்க. சொல்லலைன்னா, தப்பு இல்லைன்னு அர்த்தம்.”

நான் கல்லாவுக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். அவருக்குத் தெரியாது, நான் யாரென்று. சொல்லவும் இல்லை.

இப்போது அண்ணியை மேல் நீதிமன்றத்துக்கும் கூப்பிடுகிறார்கள். பெரிய வழக்குகள், நாள் முழுக்க நிற்க வேண்டியவை. கால் வலிக்கிறது என்று புதிதாகத் தட்டைச் செருப்பு வாங்கியிருக்கிறார். மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அம்மாவின் வேலையைப் பார்க்க வேண்டும் என்று என்னோடு பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். “அத்தை, அம்மா வீட்டுல பேசுறதைவிட இங்க எவ்வளவு கம்மியா பேசுறாங்க” என்று என் காதோடு காதாகச் சொன்னாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் டீக்கு நின்றுகொண்டிருந்தார். அண்ணி பையை மாட்டிக்கொண்டு படியேறிப் போவதைப் பார்த்துவிட்டு, “யாருங்க அவங்க, ஜட்ஜே நின்னு வணக்கம் சொல்லிட்டுப் போறாங்க?” என்று கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தேன். ரயில் நிலையத்திலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.